இருபத்தாறு வாசல் வேப்பிலை

அத்தியாயம் 14

ஒன்பது பெண்கள் வரவேண்டும். ஒருத்தி கூட வரவில்லை. பூமாரிக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான்.

மணி எட்டே முக்கால். சேரப்பணஞ்சேரி வில்லா வளாகத்தின் சமையல்கூடத்தில் அவள் தனியாக நின்றாள். எதிரே பத்து கிலோ கேழ்வரகு மாவு, அண்டாவில் பாலோடு குழைந்துகொண்டிருக்கும் அரிசி, ஐந்து டிரே முட்டை. மதியம் இரண்டு மணிக்கு நூற்று இருபது பேர் சாப்பிட உட்காருவார்கள்.

போன வாரம் அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இந்த வளாகத்து ஃபின்லாந்துக்காரர்களின் பலகாரத்துக்கு வேண்டிய தானியம் இந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. பூமாரி கேழ்வரகை மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் பால்சோற்றை வைத்து, விளிம்பை விரலால் கிள்ளி மடித்து, அடுப்பில் சுட்டு எடுத்தாள். நான்கு முறை கருகியது. ஐந்தாம் முறை சுட்டதைச் சங்கத் தலைவி ஹெல்மி அம்மா கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டு, "எங்க ஊர்" என்று இரண்டே வார்த்தை தமிழில் சொன்னார்.

அதோடு விடவில்லை. யுஹன்னுஸ் விருந்து நல்லபடியாக நடந்தால் திங்கட்கிழமை முதல் சங்கத்துச் சமையல்கூடம் பூமாரியின் பொறுப்பு என்றும் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் ஒன்பது பெண்கள் கம்பெனி லைன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். இன்று கெட்டால் ஒன்பது வீட்டு அடுப்பும் கெடும். கெட்ட பெயர் பூமாரிக்கு.

யுஹன்னுஸ் என்றால் அவர்கள் ஊரில் கோடையின் நடுநாள். அன்றைக்குச் சூரியன் மறைய மனசில்லாமல் கிடக்குமாம். தீ வளர்த்துச் சுற்றி நின்று பாடுவார்கள். இந்த இருபத்தாறு குடும்பங்களும் ஒரகடத்தில் வந்து இறங்கிய நாளாக வருஷம் தவறாமல் கொண்டாடுகிறார்கள். காலி மனையில், சரக்கு அடுக்கும் உடைந்த பாலெட் கட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. ஆனி மாச வெயிலில் ஒரு மர அறையைச் சுடவைத்து, அதற்குள் போய் உட்கார்ந்து வேர்க்கவும் செய்வார்கள். அதைக் கேட்டுப் பாஞ்சாலி அரை மணி நேரம் சிரித்தாள்.

அந்தப் பாஞ்சாலிதான் இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். நாலாவது முறை எடுத்தாள்.

"யக்கா, கோவிச்சுக்கிடாதீக. நாங்க கேட்டு வரைக்கும் வந்துட்டுத்தான் திரும்பிட்டோம்."

"திரும்பிட்டீகளா? எதுக்குடி?"

"உங்களுக்குத் தெரியாதா? ஆத்தா எறங்கியிருக்கா அங்க. கேட்டுல வேப்பிலை. அத்தன வாசல்லயும் வேப்பிலை. ஒரு வீடுன்னாச் சரி, தெருவே அம்மையில கெடக்கு. எங்க வீட்ல எட்டு மாசப் பிள்ள இருக்குக்கா."

"நீங்க இப்ப எங்க நிக்கீக?"

"ரோட்டுக்கு அந்தாண்ட, பஸ் ஸ்டாப்புல. ஷேர் ஆட்டோவுக்கு நிக்கோம்."

"ஆட்டோ வந்தாலும் ஏறாதீக. அரை மணி நேரம். நான் சொல்லுதேன்."

பூமாரி விடியற்காலையில் சாமான்களோடு பின்வாசல் வழியாக வந்தவள். முன்பக்கம் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கவேயில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு ஓடினாள்.

பார்த்ததும் கால் நின்றுவிட்டது. இரண்டு வரிசை வீடுகள், இருபத்தாறு வாசல். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வேப்பங்கொத்து. பெரிய கேட்டில் கொப்பும் கிளையுமாகக் கட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே தரையில் பால் பாக்கெட் டிரே, பத்துத் தண்ணீர் கேன், ஒரு கூடைப் பூ. உள்ளே நுழைய யாருக்கும் மனசு வரவில்லை.

"தண்ணி கேன்காரன் காசு கூட வாங்கல" என்றார் வாட்ச்மேன் யாக்கோபு. "நான் சொன்னேம்மா, யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு. சர்ச்சுக்குப் போறவன் பேச்ச அம்மன் விசயத்துல எவன் கேப்பான்?"

"கட்டினது யாரு?"

யாக்கோபு கண்ணாலேயே காட்டினார். நுழைவு வளைவுக்குப் பக்கத்தில் ஏணிமேல் நின்று, நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான் அறிவுமதி. வளாகத்தின் ஃபெசிலிட்டி சூப்பர்வைசர். பூமாரியின் கணவனுக்கு உடன்பிறந்த தம்பி.

"அறிவு, எறங்கு."

"இன்னா அண்ணி, வேல கீது."

"எறங்குன்னேன்."

இறங்கினான். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"ஆடித் திருவிழாவா இது? ஆனி மாசத்துல வாசல்ல வேப்பிலை கட்டினா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"ஹெல்மி மேடம் கேட்டாங்க அண்ணி. அவுங்க ஊர்ல வாசலுக்கு ரெண்டு பக்கமும் பர்ச் மரத்துக் கெள வைப்பாங்களாம். பர்ச்சுக்கு நான் எங்க போறது? பொடி எலயா, பச்சையா இருக்கணும்னாங்க. போட்டோ காட்டினேன். ரொம்பப் புடிச்சிப் போச்சு."

"மாவிலை இல்லையா? தென்னங்கீத்து இல்லையா? இந்த ஊர்ல வேற மரமே மொளைக்கலையா?"

"தோணல அண்ணி. தப்புத்தான். மிஸ்டேக் ஆயிடுச்சு."

அவள் கேட்டில் கட்டியிருந்த கொத்தின்மேல் கை வைத்தாள். பிடுங்கி எறியத்தான் போனாள். ஆனால் வேப்பிலை. கோபத்தில் பிய்த்துப் போடுகிற பொருளா அது? சின்ன வயசில் சாத்தூரில் அவள் தங்கைக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் வாசலில் அது தொங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கை தானாகக் கீழே வந்தது.

"கை வைக்காதீங்க" என்றான் அறிவுமதி, அவள் வைக்க மாட்டாள் என்று தெரிந்துகொண்டே. "மேடம் போட்டோ எடுத்து அவுங்க ஊருக்கெல்லாம் அனுப்பிட்டாங்க. நீங்க சாப்பாட்டப் பத்திக் கவலப்படாதீங்க. உங்க ஆளுங்க வரலன்னு தெரிஞ்சதும் படப்பைக்குப் போன் பண்ணிட்டேன். நம்ம சுப்பராயன் மாமா பிரியாணி போட்டு அனுப்பறாரு."

படப்பையில் ஓட்டல் வைத்திருக்கும் சுப்பராயன், அறிவுமதிக்கு மாமனார் ஆகப்போகிறவர். ஆவணியில் கல்யாணம்.

பூமாரி பதில் சொல்லுவதற்குள் கேட்டுக்கு வெளியே ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் மூன்று பெரிய டேக்ஸாப் பாத்திரம். மூடி வழியாக ஆவி. மணி ஒன்பதே கால்.

அவள் டேக்ஸாவையே பார்த்தாள். பத்து வருஷம் மெஸ் நடத்தியவள். ஆக்கிவைத்த சோறு அவளிடம் பொய் சொல்லாது.

"எத்தன பேருக்கு?"

"நூத்தியிருவது" என்றான் அறிவுமதி.

"நூத்தியிருபது பேருக்குப் பிரியாணி ஒம்பதே காலுக்குத் தம் ஒடச்சு இங்க வந்து நிக்குதுன்னா, அடுப்ப எத்தன மணிக்குப் பத்த வச்சிருக்கணும்? நாலு மணிக்கு. கறி நேத்தே வாங்கியிருக்கணும். எங்க ஆளுக திரும்பிப் போனது எட்டரைக்கு."

அறிவுமதியின் சிரிப்பு நின்றது.

"அது மட்டும் இல்ல. ஆத்தா எறங்கின எடம்னு ஊரே ஒதுங்கி நிக்கையில கறிச்சோத்த உள்ள கொண்டாற உனக்கு மட்டும் எங்கிருந்துடா தைரியம் வந்துச்சு? இங்க அம்மையும் இல்ல கிம்மையும் இல்லன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

அப்போதுதான் வண்டியின் டிரைவர் கதவு திறந்தது. இறங்கியவன் இளம்பரிதி. அவளுடைய கணவன்.

நேற்று சாயங்காலம் வல்லக்கோட்டைக்கு ஒரு லோடு, விடியக்காலையில் இன்னொரு லோடு, உன் சாமானுக்கு ஆட்டோ பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனவன். பூமாரி வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். டேக்ஸாவுக்கு அடியில், பலகை இடுக்கில், நசுங்கிய வேப்பிலையும் இரண்டு காய்ந்த ஈர்க்கும் கிடந்தன.

ஒரு ஈர்க்கை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுதான் வல்லக்கோட்ட லோடா?"

இளம்பரிதி தம்பியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை. யார் கடைசியாகச் சொன்னார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற ஆள்.

"கத்தாத பூமாரி. சுப்பராயன் கண்டிசனா சொல்லிட்டாரு. இந்தக் கிச்சன் அவுரு கைக்கு வந்தா தான் பொண்ணு. இவனுக்கு முப்பத்திரெண்டு ஆவுது, மூணு எடம் தட்டிப்போச்சு. அம்மா தெனம் அழுவுது. உனுக்கு இன்னா, நீ எங்க வேணா சமச்சிக்கலாம். கையில தொழில் கீது."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீ வுட்டுக் குடுப்பியா?"

"மாட்டேன்!"

ரோட்டில் போன டூவீலர்க்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. பதினெட்டு வருஷம் முன்பு போன் கம்பெனி வேலைக்கு வந்த சாத்தூர்ப் பெண், இந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டு, ‘தெக்கத்திக்காரி’ என்ற பெயரை மாமியார் வாயில் தினம் கேட்டுக்கொண்டு, கம்பெனி மூடியபிறகு இவன் வண்டிக்கு முன்பணம் கட்ட மெஸ் அடுப்பில் வெந்தாள். அந்த வண்டியிலேயே அவள் பிழைப்புக்கு வேப்பிலை ஏற்றிவந்திருக்கிறான்.

"ஒம்பது பொம்பளைக வேலைய விட்டுட்டு வந்து அந்தா ரோட்டுல நிக்காக. அவுக பேரச் சொல்லுங்க பாப்போம். ஒருத்தி பேராவது தெரியுமா?"

தெரியாது. ஒரு பேர் கூடத் தெரியாது.

"அண்ணி, நேரம் ஆவுது" என்றான் அறிவுமதி. "உங்க ஆளுங்க இனிமே வர மாட்டாங்க. நீங்க வாயால சொன்னா நம்பிடுவாங்களா? டேக்ஸாவ எறக்கிர்றேன்."

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். உண்மைதான். வாசலில் வேப்பிலை தொங்கும்போது எந்தத் தாயும் வார்த்தையை நம்பிப் பிள்ளையின் உயிரோடு விளையாட மாட்டாள். பூமாரியே நம்பியிருக்க மாட்டாள்.

அவள் திரும்பி உள்ளே நடந்தாள். அறிவுமதி ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பான். ஐந்து நிமிஷத்தில் அவள் திரும்பி வந்தபோது இடுப்பில் ஒற்றை அடுப்பு, கையில் பெரிய இரும்பு வாணலி. பின்னால் பிளஸ் டூ படிக்கும் மகள் கனிஷ்கா, சின்ன சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். கனிஷ்கா காலையிலிருந்து ஃபின்லாந்துப் பிள்ளைகளோடு பூக்கிரீடம் கட்டிக்கொண்டிருந்தவள். தலையில் அது இன்னும் இருந்தது.

"அம்மா, கேட்டு வாசல்ல என்னம்மா பண்ணப் போற?"

"தாளிக்கப் போறேன்."

கனிஷ்காவுக்குப் புரியவில்லை. இளம்பரிதிக்குப் புரிந்தது. "ஏய், வேணாம் பூமாரி" என்றான்.

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டியே அடுப்பேறக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தமும் மிளகாய் நெடியும் ஆத்தாளுக்கு ஆகாது. சாமிக்குப் பயப்படாதவர்கள் கூட இதற்குப் பயப்படுவார்கள். பூமாரி சாமிக்குப் பயப்படுகிறவள் என்பது அந்த ஒன்பது பேருக்கும் தெரியும்.

கேட்டுக்கு நடுவில், கட்டிய வேப்பங்கொப்புக்கு நேர் கீழே அடுப்பை வைத்தாள். மனசுக்குள், ‘ஆத்தா, உன் பேரச் சொல்லி ஏமாத்துனது நான் இல்ல’ என்று சொல்லிக்கொண்டாள். பற்றவைத்தாள். அரை லிட்டர் கடலை எண்ணெய். புகை எழும்வரை காய விட்டாள். இரண்டு கைப்பிடிக் கடுகு.

வாணலி படபடவென்று வெடித்தது. யாக்கோபு இரண்டடி பின்னால் போனார். கால் கிலோ காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் அப்படியே கொட்டினாள். கறிவேப்பிலை, பெருங்காயம். ஆனி மாத மேல்காற்று நெடியை அள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனது.

இருமல் முதலில் பஸ் ஸ்டாப்பிலிருந்துதான் கேட்டது. ஒருத்தி, அப்புறம் நாலைந்து பேர். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாஞ்சாலி ரோட்டின் ஓரத்துக்கு வந்து நின்று எட்டிப் பார்த்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். அதன் அடியில் உட்கார்ந்து கரண்டியைச் சட்டியில் தட்டுகிற பூமாரியைப் பார்த்தாள்.

"யக்கா! தாளிக்கீகளா?"

"பாத்தாத் தெரியலையா? வாரீகளா, இல்ல நானே மாவப் பெசஞ்சுக்கிடவா?"

லாரி ஒன்று போகும்வரை காத்திருந்துவிட்டு ஒன்பது பேரும் ரோட்டைக் கடந்தார்கள். பாஞ்சாலி வாணலிக்குள் குனிந்து பார்த்து, கடுகு நிஜமாகவே வெடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே உள்ளே கால் வைத்தாள்.

இருமிக்கொண்டே ஹெல்மி அம்மாவும் வந்து சேர்ந்தார். கோடு போட்ட நீளப் பாவாடை, வெள்ளை ரவிக்கை, அவர்கள் ஊர்த் திருநாள் உடுப்பு. முகம் சிவந்திருந்தது. "பூமாரி, என்ன இது?"

கனிஷ்கா ஆங்கிலத்தில் சொன்னாள். வேப்பிலை என்றால் என்ன, அம்மை என்றால் என்ன, ஏன் பால்காரன் உள்ளே வரவில்லை. ஹெல்மி அம்மா திரும்பி இருபத்தாறு வாசலையும் ஒருமுறை பார்த்தார். காலையில் எவ்வளவு ஆசையாகப் படம் எடுத்தார்! இப்போது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. நோய் விழுந்த தெருவில் தன் ஜனங்கள் கொடி ஏற்றி நிற்பதாக நாலு வருஷமாகப் பழகிய ஊர் நினைத்திருக்கிறது. அவருக்கும் கோபம் வந்தது. அவர் கோபத்துக்குச் சத்தம் கிடையாது.

"முதலில் சாப்பாடு," என்றார், ஒவ்வொரு சொல்லாக. "பிறகு பேசுவோம்."

இரண்டு மணிக்குப் பந்தி நடந்தது. முந்நூறு பலகாரம், மேலே முட்டையும் வெண்ணெயும் மசித்து வைத்து. கடைசித் தட்டு காலியானபோது ஒரு முதியவர் வந்து பூமாரியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரிதான் இருந்தது. டேக்ஸா மூன்றும் வண்டியிலேயே ஆறிக் கிடந்தன. சுப்பராயன் ஆறு முறை போன் பண்ணிவிட்டதாக யாக்கோபு சொன்னார்.

ஆனால் அவள் கோபம் ஆறவில்லை. மாவு பிசைந்தபோதும் அதே கோபம், பாத்திரம் கவிழ்த்தபோதும் அதே கோபம். சங்கத்துக்காரர்கள் பாடப் போய்விட்ட நேரத்தில் இளம்பரிதி சமையல்கூடத்துக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ஜெயிச்சிட்டே இல்ல? வுட்டுடு. அந்தம்மா கேட்டா தெரியாம நடந்துச்சுன்னு சொல்லிடு. அறிவு வேல போச்சுன்னா கல்யாணமும் போச்சு. அம்மா உசுர வுட்டுடும். உன் காலுல வுழறேன்."

"விழாதீங்க" என்றாள் பூமாரி. "ஏற்கெனவே என்னைய விழுத்தாட்டியாச்சு."

ஆறு மணி. சூரியன் கம்பெனிக் கூரைகளுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. பாலெட் கட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகள் கைகோத்துச் சுற்றினார்கள். ஹெல்மி அம்மா ஒரு தட்டில் காபியும் கேக்கும் எடுத்துக்கொண்டு நேராகப் பூமாரியிடம் வந்தார். கனிஷ்காவைக் கூப்பிட்டார். நாலடி தள்ளி அறிவுமதி, அவன் பக்கத்தில் இளம்பரிதி.

"இந்த மரத்தத் தேர்ந்தெடுத்தது யாரு, தெரிஞ்சே செஞ்சாங்களான்னு கேக்கறாங்கம்மா" என்றாள் கனிஷ்கா.

பூமாரி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "உன் சித்தப்பா. வண்டி ஓட்டினது உங்கப்பா. தெரிஞ்சேதான் செஞ்சாக. நான் சொன்னேன்னு அப்பிடியே சொல்லு."

கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். இளம்பரிதி கண் கலங்கி நின்றான். தலையில் இருந்த பூக்கிரீடத்தை அவள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு ஹெல்மி அம்மாவிடம் திரும்பி, வேகமாக, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினாள். நீளமான பேச்சு. அதில் சித்தப்பா இல்லை. அப்பா இல்லை. ஒரு சொல் மட்டும் இரண்டு தடவை வந்தது: மிஸ்டேக்.

எட்டு வருஷம் போன் கம்பெனி லைனில் நின்றவள் பூமாரி. பழுதென்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஒவ்வொரு பீஸுக்கும் சூப்பர்வைசர் கேட்ட கேள்வி அந்தச் சொல்தான். கை தவறினால் மிஸ்டேக். வேண்டுமென்றே செய்தால் அதற்குப் பெயர் வேறு. அந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

புருஷன் போனான், கொழுந்தன் போனான், இப்போது பெற்ற பெண்ணும் அந்தப் பக்கம். ஆனால் வாய் அடைக்கவில்லை.

ஹெல்மி அம்மா ஆறுதலாகத் தலையசைத்து, தட்டை அவளிடம் நீட்டினார். பூமாரி வாங்கவில்லை.

"நோ மிஸ்டேக், மேடம்" என்றாள்.

கனிஷ்கா, "அம்மா..." என்றாள். அவள் கையிலிருந்த பூக்கிரீடம் நழுவிக் கீழே விழுந்தது.

ஹெல்மி அம்மா மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். அங்கே கிடந்த இரண்டு நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"சொல்லு, பூமாரி" என்றார் தமிழில். "மெதுவா. எனக்குப் புரியும்."

பூமாரி உட்கார்ந்தாள்.